ரொக்கம் அங்கே, பற்று இங்கே

கேள்வி:

ஆடிட்டர் சார், நாங்கள் கோவையில் இருக்கிறோம். கணவருக்கு பம்ப் பட்டறையில் வேலை. ஒரு வருஷமாக ஓவர்டைம் நின்றுவிட்டது. மளிகைக்கு மட்டும் மாதம் 6,000 ரூபாய் ஆகிற வீடு. பல வருஷமாகப் பக்கத்துத் தெரு அண்ணாச்சி கடையில்தான் எல்லாம் வாங்கினோம். இப்போது மாதச் சாமான் மொத்தத்தையும் மெயின் ரோட்டில் உள்ள பெரிய தள்ளுபடிக் கடையில் வாங்குகிறேன். 700 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாகிறது. நடுவில் தீர்ந்துபோகும் பால், முட்டை, தக்காளி மட்டும் அண்ணாச்சியிடம் நோட்டில் எழுதி வாங்கிவிட்டுச் சம்பளம் வந்ததும் கொடுக்கிறோம். கொரோனா ஊரடங்கில் பணமே கேட்காமல் எங்களுக்கு அரிசி பருப்பு கொடுத்தவர் அவர். பெரிய கடைப் பையோடு அவர் முன்னால் வரக் கூச்சமாக இருப்பதால் சுற்றுவழியில் வீட்டுக்கு வருகிறேன். காலேஜ் படிக்கிற மகன் வேறு, "கார்ப்பரேட்டுக்குக் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறீங்க, அங்க வேலை செய்யிறவங்கள நாள் பூரா நிக்க வைக்கிறாங்க" என்று சண்டை போடுகிறான். நான் செய்வது தப்பா? அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டுமா? இன்னொன்று, அந்தக் கடையில் பைக்கும் காசு வாங்குகிறார்களே, அது சரியா?

பதில்:

அம்மா, வருமான வரி, வீட்டுக் கடன் என்றே கேள்வி வரும் இந்தப் பகுதிக்கு மனசாட்சியைப் பற்றி ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஆனால் இதுவும் கணக்குதான். என்னிடம் கணக்கு கொடுப்பவர்களில் மளிகைக் கடைக்காரர்கள் நிறைய. அவர்கள் நோட்டுகளையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோப்பும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவது தப்பில்லை. ஓவர்டைம் நின்ற வீட்டில் 700 ரூபாய் என்பது ஒரு கேஸ் சிலிண்டர் விலையில் பெரும்பகுதி. அதை இழந்தால்தான் நல்லவர் என்று பெயர் வாங்க முடியும் என்றால், அந்தப் பெயர் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் வேறு. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் அந்த 700 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதில் ஒரு பகுதி யாரிடமும் பிடுங்காமல் வருவது. டிமார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராதாகிஷன் தமானி 2002-ல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தார். கடை நடக்கும் கட்டடத்தைப் பெரும்பாலும் சொந்தமாகவே வாங்கிவிடுவது அவர்கள் வழக்கம், அதனால் வாடகைச் சுமை குறைவு. ஆடம்பர அலங்காரம் கிடையாது. ஒரு பொருளில் இருபது ரகம் அடுக்காமல், வேகமாக ஓடுகிற நாலைந்து ரகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். முக்கியமானது, சரக்கு கொடுத்த கம்பெனிக்கு ஒரு வாரம், பத்து நாளில் பணத்தைத் தீர்த்துவிடுவார்கள். சீக்கிரம் பணம் வருகிறது என்பதற்காகக் கம்பெனி விலையைக் குறைக்கிறது. 100 ரூபாய் விற்பனையில் அவர்கள் மொத்த லாபமே சுமார் 15 ரூபாய்தான். சம்பளமும் கரண்ட் பில்லும் போகக் கடைசியில் கையில் நிற்பது 5 ரூபாய் அளவில். இதில் அநியாயம் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நல்ல செட்டியார் இப்படித்தான் கடை நடத்தியிருப்பார்.

இன்னொரு பகுதி அவ்வளவு சுத்தமில்லை. ஒரு கடைக்காரரின் கொள்முதல் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏஜென்சி பில்களுக்கு நடுவே ஒரு பெரிய தள்ளுபடிக் கடையின் நீளமான பில்கள் வரிசையாகக் குத்தி வைத்திருந்தன. வீட்டுச் செலவைக் கடைக் கணக்கில் ஏற்றுகிறார் என்று நினைத்துக் கேட்டேன். "இல்ல சார், சரக்கே அங்கதான் எடுக்கிறேன்" என்றார். ஏஜென்சியில் அவருக்குப் போடுகிற விலையைவிட அந்தக் கடையில் வாடிக்கையாளருக்குப் போடுகிற விலை குறைவு. ஒரு பில்லுக்கு இத்தனை பாக்கெட்தான் என்று அங்கே கட்டுப்பாடு இருப்பதால், அவர், மனைவி, மகன் மூன்று பேரும் ஆளுக்கொரு டிராலியோடு தனித்தனி வரிசையில் நின்று சலவைத்தூள் வாங்கி வந்து தன் கடையில் அடுக்குகிறார். மூட்டை பிரித்து விற்கிறவர் பாக்கெட் பாக்கெட்டாகக் கொள்முதல் செய்கிறார்!

இதற்குக் காரணம் அண்ணாச்சியின் பேராசை கிடையாது. சின்னக் கடைக்குச் சரக்கு, கம்பெனியிலிருந்து ஏஜென்சி வழியாக வருகிறது. ஏஜென்சிக்கு 4, 5 சதவீதம் போக வேண்டும், லைன் வண்டி செலவு வேறு. பெரிய கடை நேராகக் கம்பெனியிடமே வாங்குகிறது. அதோடு போகாமல், கண்ணில் படுகிற இடத்தில் அடுக்க இவ்வளவு, ஆஃபர் போர்டு வைக்க இவ்வளவு என்று கம்பெனியிடமிருந்து தனியாகவும் வாங்குகிறது. அந்தக் கணக்கு எதுவும் அண்ணாச்சி வரை இறங்கி வராது. ஏஜென்சிக்காரர்களே இதை எதிர்த்துக் கிளம்பியது பலருக்கு நினைவிருக்காது. 2021 கடைசியில் அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு, எங்களுக்கு ஒரு விலை, ஆன்லைன் மொத்தக் கம்பெனிகளுக்கு ஒரு விலையா என்று கேட்டு, 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் கோல்கேட் பொருட்கள் சிலவற்றை விநியோகிக்காமல் நிறுத்தியது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவை சோப்புக் கம்பெனிகளும் போட்டி ஆணையமும். மாதம் ஆறாயிரத்துக்குப் பட்டியல் போடுகிற நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

(தொழில் பழக்கத்தில் ஒரு இடைச்செருகல்: பெரிய கடைக்கு ஊறுகாயோ அப்பளமோ பாக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் இதைப் படித்தால், மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவை உடனே செய்துகொள்ளுங்கள். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டமே சொல்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அப்படித் தராமல் இழுத்தடித்த தொகையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்டி வரி கழிக்க முடியாது. பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் பிரிவு இதற்குத்தான் பயப்படும்.)

இனி உங்கள் மகனின் கேள்வி. நாள் பூரா நிற்க வைக்கிறார்கள் என்பது நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலமாக இருந்த கொடுமை. ஜவுளிக்கடையில் புடவை விரிக்கிற பெண்களின் கால் நரம்பு புடைத்திருப்பதை நாமெல்லாம் பார்த்துக்கொண்டேதான் புடவை எடுத்தோம். கேரளத்தில் கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் "உட்காரும் உரிமை" கேட்டுப் போராடி, 2018-ல் அங்கே சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை பில் போடுகிற இடத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சில கடைகளில் ஸ்டூலைப் போட்டுவிட்டு அதன் மேல் அட்டைப்பெட்டி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள், அல்லது மகனையே தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவோடு சண்டை போடுவதைவிட அந்த மனுவால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் கடை மாறுவதால் அந்தப் பெண்ணுக்கு ஸ்டூல் வராது. வாடிக்கையாளராக இருந்து கேட்டால் வரலாம்.

ஆனால் தம்பி, இது உனக்கு. சின்னக் கடை என்றால் தர்மம், பெரிய கடை என்றால் பாவம் என்று பிரிப்பது என் ஃபைல்களில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. 20 பேர் வேலை செய்கிற இடத்தில் பி.எஃப். பிடித்தாக வேண்டும். பெரிய கடைகள், கான்ட்ராக்டர் மூலமாவது, அதைக் கட்டுகின்றன. பல சின்னக் கடைகளில் என்ன நடக்கிறது? தென்மாவட்டத்திலிருந்து பத்தாவது முடித்த பையனைக் கூட்டி வருவார்கள். விடிகாலைப் பால் பாக்கெட்டில் தொடங்கி ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை வேலை, பரணில் படுக்கை, சம்பளம் ஊரில் அப்பா கைக்கு. அப்படி வந்த பையன்களில் சிலர் பின்னால் சொந்தக் கடை போட்டார்கள் என்பது உண்மை. போட முடியாமல் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதும் உண்மை. உங்கள் அண்ணாச்சி கடையில் பையன் இருந்தால் அவன் உட்காருகிறானா என்றும் பார்.

சரி, எனக்கு உறுத்திய இடத்துக்கு வருகிறேன் அம்மா.

சம்பளம் வந்ததும் பெரிய கடைக்கு ரொக்கமாக ஐயாயிரம் போகிறது. அண்ணாச்சியிடம் மாதம் பூரா கடன். உங்கள் கைப்பணத்துக்குக் கிடைக்கிற மரியாதை ஒருவருக்கு, கைப்பணம் இல்லாத நாட்களின் சுமை இன்னொருவருக்கு. இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, ஊரில் பாதி வீட்டில் இதே கதைதான். ஆனால் கடைக்காரர் நோட்டில் இது என்ன செய்கிறது தெரியுமா?

ஒரு சின்னக் கடையில் 80 வீட்டுக்குப் பற்று இருக்கிறது, வீட்டுக்குச் சராசரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாய் தெருவில் நிற்கிறது. பால் ஏஜென்ட்டுக்கும் முட்டை வண்டிக்கும் அவர் அன்றன்றைக்கு ரொக்கம் கொடுத்தாக வேண்டும். வங்கி அவருக்கு எளிதில் கொடுக்காது, அதனால் வெளியே வாங்குகிறார். ரெண்டு வட்டி என்றால் மாதம் 2,400 ரூபாய். தண்டல்காரரிடம் போனால் இன்னும் மோசம்: 10,000 ரூபாய் என்று எழுதிவிட்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல் செய்வார்கள். அந்த வட்டியை முன்பு எது கட்டியது? நீங்கள் அவரிடம் வாங்கிய சோப்பும் பற்பசையும் எண்ணெயும் பருப்பும்தான். அவற்றில் கிடைத்த லாபத்தில்தான் பற்று நோட்டு ஓடியது. இப்போது லாபம் வருகிற சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டு, லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கமிஷன் வருகிற பாலையும், உடைகிற முட்டையையும், அழுகுகிற தக்காளியையும் அவரிடம் விட்டிருக்கிறீர்கள், அதுவும் கடனுக்கு. மலிவு விலையில் உங்களுக்குக் கிடைத்த 700-ல் ஒரு பங்கை அண்ணாச்சியும் போடுகிறார், அவருக்குத் தெரியாமலே. நீங்கள் சுற்றுவழியில் போவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நல்ல வேளையாக இதைச் சரிசெய்யப் பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். பட்டியலை இரண்டாகப் பிரித்தால் போதும்.

கம்பெனி பாக்கெட்டில் வருவதெல்லாம் (சோப்பு, சலவைத்தூள், பிஸ்கட், பற்பசை, ஷாம்பு, பாக்கெட் எண்ணெய்) பெரிய கடையிலேயே வாங்குங்கள். அங்கே அண்ணாச்சியால் விலையில் மோத முடியாது. அவரையும் மோதச் சொல்லாதீர்கள். எண்ணெய் கவரில் மட்டும் அளவைப் பார்த்து வாங்குங்கள். பார்க்க ஒரு லிட்டர் கவர் மாதிரியே இருக்கும், உள்ளே 800, 850 மில்லி இருக்கும். ஒரு மில்லிக்கு, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள், கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, புளி, வெல்லம், கடுகு, சீரகம் ஆகியவற்றை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொண்டுபோங்கள். இவற்றில் கம்பெனியும் இல்லை, ஏஜென்சியும் இல்லை. ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையில் மூட்டை எடுக்கிறார், அங்கே விருதுநகர் மார்க்கெட் நிலவரப்படிதான் விலை. பெரிய கடைக்கும் அவருக்கும் கிலோவுக்கு நாலைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரக் காரணமில்லை. வந்தால் கேட்டுப் பேசுங்கள், ரொக்கத்துக்கு வாங்குகிறவரிடம் எந்த அண்ணாச்சியும் இறங்கி வருவார். புளியைக் கிள்ளிப் பார்த்து வாங்கலாம், மிளகாய் காரம் இல்லையென்றால் போய்ச் சொல்லலாம். உங்கள் மிச்சம் 700-லிருந்து 500-க்கு இறங்கலாம். என் கணக்கில் அந்த 200-ஐயும் நீங்கள் இழக்க மாட்டீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய கடை பில்லை எடுத்து, வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன பட்டியலில் இல்லாததையெல்லாம் பேனாவால் கோடு போட்டு அடியுங்கள். பிளாஸ்டிக் டப்பா, டி-ஷர்ட், டோர் மேட், ஒன்று வாங்கினால் ஒன்று இலவச நூடுல்ஸ். இந்தக் கடைகள் மளிகைச் சாமானில் லாபத்தைக் குறைத்து உங்களை உள்ளே வரவைத்து, டப்பாவிலும் துணியிலும்தான் அதை ஈடுகட்டுகின்றன. கோடு போட்ட தொகை மாதா மாதம் 200-க்குக் குறையாது என்று பந்தயமே கட்டுவேன்.

அப்புறம், பற்று. முதலில் பாக்கி முழுவதையும் தீர்த்துவிடுங்கள். சம்பளத்தன்று பெரிய கடைக்குப் போகும் முன்னால் அண்ணாச்சி கடைக்குப் போங்கள், அந்த வரிசை முக்கியம். பால், முட்டைக்கு ஒரு சின்ன டப்பாவில் 1,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்து அன்றன்று கொடுங்கள். மாதக் கடைசியில் டப்பா காலியானால் எழுதி வாங்குங்கள், அதில் வெட்கம் இல்லை. அதற்குத்தான் அந்த நோட்டு. வசதியுள்ள வீடுகள் சோம்பலுக்காக நோட்டை நிரப்பி வைத்திருப்பதால்தான் உண்மையில் தேவைப்படுகிறவருக்கு அவர் கை இறுகுகிறது. ஊரடங்கில் உங்களுக்கு அவர் கொடுத்தது அந்த நோட்டில் இடம் இருந்ததால்தான்.

அவரிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். அவருக்கு எப்போதோ தெரியும் அம்மா. மூன்று மாதமாக ஒரு வீட்டுக்குச் சலவைத்தூள் போகவில்லை என்றால் கடைக்காரருக்குத் தெரியாதா? சுற்றுவழியில் போகாதீர்கள், பையோடு நேராக அவர் கடை முன்னாலேயே வாருங்கள். பாக்கியைக் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, இவருக்கு ஓவர்டைம் இல்லை, சோப்பு எண்ணெய் எல்லாம் அங்கே வாங்கிக்கிறேன், பருப்பு புளி உங்ககிட்டயே, கையில காசு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கலாம். ரொக்கம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சரியாகிவிடும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2012-ல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது, மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம் என்று விட்டது. ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் விடமாட்டோம் என்றது, வணிகர் சங்கங்கள் கொண்டாடின. வால்மார்ட் போர்டு இங்கே ஏறவில்லை. ஆனால் 2018-ல் ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை அதே வால்மார்ட் வாங்கியது, அவன் செல்போன் கவர் ஆர்டர் போடுகிற அதே ஃப்ளிப்கார்ட். இதில் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசையில்லை, உங்களைக் குற்றம் சொல்ல அவனுக்கும் உரிமை குறைவு என்கிறேன். உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் துடிப்பு இருந்தால், சின்னக் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கம்பெனியிடம் நேராக ஒரே ஆர்டர் போட ஒரு வழி பண்ணச் சொல்லுங்கள். சேர்ந்து வாங்கினால் விலை இறங்கும் என்பதைத் திருவல்லிக்கேணியில் 1904-லேயே கூட்டுறவு சங்கம் வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள், கோவையில் சிந்தாமணி கூட்டுறவுக் கடையும் அந்த வழியில் வந்ததுதான். காலேஜில் காமர்ஸ் படிக்கிற பையன் என்றால் இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

கடைசியாகப் பை. உள்ளே நுழையும்போதே தெரியும்படி எழுதிப் போடாமல், பொருளெல்லாம் எடுத்து முடித்துப் பில் போடுகிற இடத்தில் வந்த பிறகு பைக்குக் காசு கேட்பது முறையற்ற வணிகம் என்று 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் பிக் பஜார் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே வாசலில் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. போர்டு இருந்தால் வீட்டிலிருந்தே ரெண்டு துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் செக்யூரிட்டி வாசலில் பையைச் சீல் போட்டுத் தருகிற கடையாக இருந்தால், பை காலியாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெளியே வரும்போது பில்லையும் சாமானையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உங்களைத் தனியாக நிறுத்திவிடுவார்கள்.